காவிரி டெல்டாவில் இரண்டு நாள் கார்ப் பயணம்: பழைய கோயில்கள், இடிபாடுகள், ஆற்றங்கரைச் சாலைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கும்பகோணத்தில். சனி ஞாயிறு லீவு நெருங்கினால் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு போன் வந்துவிடும். சித்தி மகன், பழைய ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டுக்காரரின் மாப்பிள்ளை என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதில் பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

டெல்டான்னா வெறும் வயல்தானே? ரெண்டு நாள் சுத்திப் பார்க்க என்ன இருக்கு?

வயல்தான். அந்த வயல் விளைந்ததால்தான் இத்தனை கோயில்கள் எழுந்தன. கல்லணைக்குக் கீழே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடல் வரை விரிகிறது. நெல் விளைந்தது, கையில் பொருள் சேர்ந்தது, செங்கல்லாக இருந்த கோயில்கள் கற்றளியாக மாறின. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் சோழ மன்னன் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய 400 ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. ஒரே சாலையில் 40 கிலோமீட்டர் போனால் அந்த 400 ஆண்டும் வரிசையாக வரும். இப்படி ஒரு வழி வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்ததில்லை.

மலை, பள்ளத்தாக்கு மாதிரி ஏதாவது இருக்கா? பசங்க வியூ பாயின்ட் கேக்கறாங்க.

டெல்டாவுக்குள் மலை கிடையாது. தரை சமதளம், கண்ணுக்கு எட்டும் உயரம் என்றால் கோயில் விமானமும் தென்னையும்தான். பாறையும் ஏற்றமும் வேண்டுமென்றால் தெற்கே புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலைக்குப் போகலாம். மொட்டைப் பாறை மேல் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது, பக்கத்திலேயே குடைவரைகள். ஆனால் அது வேறு நிலம். அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டிய காட்சி தண்ணீர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 12 கிலோமீட்டர் சுமார். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுவீர்கள். பிள்ளைகளைப் பாலம் எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலத்திலும் காரின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்குங்கள், காற்றே மாறும். திருவையாற்றில் காவிரிக்கரைப் படித்துறையில் கால் மணி நேரம் உட்காருங்கள். தியாகராஜர் சமாதி அங்கேதான் இருக்கிறது.

எந்த மாசம் வந்தா பச்சையா இருக்கும்?

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அணையில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். ஆகவே பிப்ரவரியிலிருந்து மே வரை வந்தால் பெரும்பாலான ஆறுகளில் மணல்தான் இருக்கும். கோயில் மட்டும் போதும் என்றால் அதில் குறையில்லை, வெயிலைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் மார்கழிக் கடைசியும் தை மாதமும். சம்பா முற்றிக் கதிர் சாய்ந்திருக்கும், காலையில் பனி இறங்கும், கல் தரை சுடாது. நடவு நேரத்துப் பளிச்சென்ற இளம் பச்சைதான் வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசி. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டையையும் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன.

ரெண்டு நாளை எப்படிப் பிரிக்கிறது?

முதல் நாள் காலை 6 மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயில். 9 மணிக்குள் முடித்துக்கொண்டு டிபன். பிறகு கும்பகோணம் சாலையில் பசுபதிகோயில் அருகே புள்ளமங்கை. மதியம் கும்பகோணத்தில் சாப்பாடு, ஓய்வு. மாலை 4 மணிக்குத் தாராசுரம், இருட்டும் வரை அங்கேயே. இரவு கும்பகோணத்தில் தங்கல்.

இரண்டாம் நாள் விடிந்ததும் பழையாறை, பட்டீஸ்வரம். அங்கிருந்து அணைக்கரை வழியாகக் கங்கைகொண்டசோழபுரம். கும்பகோணத்திலிருந்து 35 கிலோமீட்டர் சுமார். சென்னை திரும்புகிறவர்களுக்கு அது போகிற வழியிலேயே இருப்பதால் கடைசியில் வைத்துக்கொள்வது லாபம். திருச்சியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் கல்லணை வழியாகத் தஞ்சைக்கு வாருங்கள். நேர்சாலையைவிட நேரம் கூடும், ஆனால் காவிரி பிரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு டெல்டாவுக்குள் நுழைவது தனி.

இவ்வளவுதானா என்று கேட்பார்கள். ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். நவக்கிரகச் சுற்று என்பது தரிசனத்துக்கான வேறு பயணம். அதையும் இதையும் கலந்தால் எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு மாட்டுவதுதான் மிஞ்சும். இரண்டு நாளில் ஆறு இடம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சொந்த கார் வேணுமா, பஸ்லயே முடியுமா?

தஞ்சை, கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் நான்கும் பஸ்ஸில் தாராளமாக முடியும். புள்ளமங்கைக்கும் பழையாறைக்கும் டவுன் பஸ்ஸை நம்பினால் காத்திருக்கவே நேரம் போய்விடும். கும்பகோணத்தில் அரை நாளைக்கு ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. ரயிலில் வந்து இறங்கி இங்கே வாடகைக் கார் எடுப்பவர்களும் நிறைய. இரவு முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, காலையில் பெரிய கோயிலில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மத்தியானம் நடை சாத்திடுவாங்களே, 4 மணி வரை என்ன பண்றது?

ஆமாம், 12 அல்லது 12:30க்குச் சாத்தினால் மாலை 4க்குத்தான். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். 12:45க்கு ஓட்டமும் நடையுமாக வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

தஞ்சாவூரில் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். மற்றச் சிலைகளைப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் ஒரே ஒரு துவாரபாலகரைத் தேடிப் பிடியுங்கள். சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று எடுத்து வந்த சிலை அது. 'கல்யாணபுரம் எறிந்து கொடு வந்த துவாரபாலகர்' என்று பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. தாராசுரத்தில் இருந்து, பிறகு இங்கே வந்தது. கல்லின் நிறமே கறுப்பு, செதுக்கிய விதமும் வேறு. நம் ஊர் துவாரபாலகரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கும்பகோணத்தில் இருந்தால் சுவாமிமலை பக்கம்தான். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறை சோழர் காலத்திலிருந்து வருவது. பட்டறைகளில் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். ஞாயிறு சில பட்டறைகளில் வேலை இருக்காது. வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் நின்று பாருங்கள்.

மூணு பெரிய சோழர் கோயிலும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஒண்ணு பார்த்தா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையப் பேசுவேன். தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் மூன்றும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. தஞ்சை 1987இல் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004இல். அப்பா, மகன், பல தலைமுறை தள்ளி வந்த வாரிசு என்று நினைத்துப் பார்த்தால் எளிது. முதலாம் ராஜராஜன் 1010இல் முடித்தது தஞ்சை. அவர் மகன் ராஜேந்திரன் புதுத் தலைநகரில் எழுப்பியது கங்கைகொண்டசோழபுரம். பல தலைமுறை கழித்து 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது தாராசுரம்.

தஞ்சை விமானம் 216 அடி. அடியிலிருந்து உச்சிவரை கோடு கிழித்தாற்போல் நேராக ஏறும். வாசலில் நிற்பது கோபுரம், கருவறைக்கு மேல் நிற்பது விமானம், இங்கே விமானம்தான் பெரியது. கங்கைகொண்டசோழபுரத்தில் விமானம் அதைவிடச் சற்றுக் குட்டை. மேலே போகப் போக உள்வாங்கி வளையும். கோயிலின் தென்மேற்கு மூலைப் புல்தரையில் நின்று பார்த்தால் அந்த வளைவு தெரியும். வடக்கு வாயில் படிக்கட்டின் பக்கத்துச் சுவரில் தன் அடியார் சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே பூமாலையைத் தலையில் சுற்றிவிடுகிற சிற்பம் இருக்கிறது. சிவனின் விரல்கள் மாலையைப் பிடித்திருக்கும் பக்குவத்தைப் பாருங்கள். சண்டேசர் கைகூப்பித் தலையைக் கொஞ்சம் குனிந்திருப்பார். தகப்பன் பிள்ளைக்குச் செய்கிற மாதிரிதான் இருக்கும். நான் அங்கே போகும்போதெல்லாம் முதலில் போய் நிற்பது அந்த இடம்.

தாராசுரம் உயரத்தில் சிறியது, 80 அடிதான். அளவைக் குறைத்து நுணுக்கத்தைக் கூட்டிவிட்டார்கள். முன்மண்டபத்தையே குதிரை பூட்டிய தேராகச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தெரிகிற சிற்பம் இருக்கிறது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் 63 நாயன்மார் கதைகள் சிறு சிறு சதுரங்களில் ஓடும். சுந்தரர் பாடி முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட கதையைத் தேடுங்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஓசை வரும் என்பார்கள். தட்டித் தட்டித் தேய்ந்ததால் இப்போது கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். அதை ஏன் மூடினார்கள் என்று காவலரிடம் சண்டை போட வேண்டாம்.

இடிபாடு, இடிபாடுன்னு சொல்றீங்க. எல்லாக் கோயிலும் நல்லாத்தானே நிக்குது?

பூசை நடப்பதால் நிற்கின்றன. இடிந்துபோனதைப் பார்க்க நான்கு இடம் சொல்கிறேன்.

தாராசுரத்திலேயே தொடங்குங்கள். கோயிலுக்குள் நுழையும் முன் மேல்நிலைகள் போய் அடிப்பகுதி மட்டும் நிற்கிற பெரிய வெளிக்கோபுரம் இருக்கிறது. எல்லாரும் அதைத் தாண்டி உள்ளே ஓடுவார்கள். அதன் அகலத்தைப் பார்த்தால் முழுக் கோயில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று மனக்கணக்குப் போடலாம்.

அடுத்தது பழையாறை. சோழர்களுக்குத் தஞ்சைக்கு முன்பும் பின்பும் அரண்மனை இருந்த ஊர். நந்திபுரம், முடிகொண்டசோழபுரம், ராஜராஜபுரம் என்று காலத்துக்கு ஒரு பெயர். இப்போது வாழைத்தோப்பும் வயலும். கீழப்பழையாறை சோமநாதர் கோயிலின் சிதைந்த கோபுரத்தைப் பாருங்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே ஓட்டுங்கள்: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், மணப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர். மாளிகை போய்விட்டது, படை போய்விட்டது, அவை இருந்த இடத்தின் பெயரை மைல்கல்லில் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது மாளிகைமேடு. கங்கைகொண்டசோழபுரம் கோயிலிலிருந்து 2 கிலோமீட்டர் சுமார். தொல்லியல் துறை அகழ்ந்த இடத்தில் ராஜேந்திரன் அரண்மனையின் செங்கல் அடித்தளம் குழிக்குள் தெரியும். கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் இங்கே கிடைத்தவை. வந்தவர்களில் பலர் 'இவ்வளவுதானா' என்று முகம் சுளித்தார்கள். கங்கை வரை படை அனுப்பிய ராஜாவின் வீட்டில் மிஞ்சியது முழங்கால் உயரச் செங்கல் வரிசை. அதை நேரில் பார்க்கத்தான் நான் அழைத்துப் போகிறேன்.

நான்காவது கடலோரத்தில். பூம்புகார்ப் பக்கம் பல்லவனீச்சரத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் செங்கல் தளம். இதற்கான நேரக் கணக்கைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அவ்வளவு பெரிய ராஜாக்கள் அரண்மனை ஒண்ணுகூட ஏன் மிஞ்சல?

கல் கடவுளுக்கு, செங்கல்லும் மரமும் மனிதருக்கு என்பது அன்றைய வழக்கம். ராஜாவே ஆனாலும் வீடு செங்கல்தான். செங்கல்லை அடுத்த தலைமுறை பெயர்த்து எடுத்துப் போய்விடும். மரம் கறையானுக்கும் நெருப்புக்கும் போகும்.

பகையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்தான் என்று அவன் புகழைப் பாடும் கல்வெட்டு வாசகமான மெய்க்கீர்த்தியே சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாட்டையே எரித்தவன் தமிழுக்குத் தந்த மண்டபத்தை விட்டுவைத்தான்! இதை முதன்முதலில் கேட்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கோயிலும் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்டசோழபுரத்து மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அணைக்கரையில் பழைய சாலையில் போனால் அந்த அணையின் மேல்தான் நீங்கள் வண்டி ஓட்டிப் போவீர்கள். பழைய பாலம் குறுகல், எதிர் வண்டிக்கு நின்று வழிவிட்டுப் போங்கள்.

பெரிய கோயில் நிழல் தரையில விழாதாமே?

விழும். காலை 8 மணிக்கு விமானத்துக்கு மேற்கே திருச்சுற்றில் போய் நில்லுங்கள், நிழலில்தான் நிற்பீர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இனி நிறுத்திவிட்டால் நல்லது. அந்த இடத்தில் சொல்ல உண்மையே போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே சுவரில் வெட்டியிருக்கிறது. கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது.

உடையாளூர்லதான் ராஜராஜன் சமாதி இருக்காமே? கூட்டிட்டுப் போறீங்களா?

போகலாம், பழையாறைக்குப் பக்கம்தான். ஆனால் சமாதி என்று சொல்லி அழைத்துப் போக மாட்டேன். உடையாளூரில் ஒரு குலோத்துங்கன் காலக் கல்வெட்டு 'சிவபாதசேகர தேவர் திருமாளிகை' என்று ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. சிவபாதசேகரன் என்பது ராஜராஜனின் பட்டப்பெயர். அதிலிருந்து பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், என்ற பேச்சு வளர்ந்தது. கல்வெட்டு சொல்வது மாளிகை. அங்கே அவரைப் புதைத்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வயல் நடுவே ஒரு லிங்கத்தைக் காட்டுவார்கள். கும்பிட விரும்பினால் கும்பிடுங்கள், ஊர் மக்களிடம் வாதம் வேண்டாம்.

கல்வெட்டு படிக்கத் தெரியாது. சும்மா சுவரைப் பார்த்து என்ன புரியும்?

தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். பெரும்பாலான கல்வெட்டு 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்த எழுத்தில் தொடங்கும். அதற்குப் பிறகு வருவது தமிழ்தான், புள்ளி வைக்காமல் எழுதியிருப்பதால் மலைப்பாகத் தெரியும். ட, ப, ம, ய, ர போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு நெருக்கம். அரை மணி நேரம் பொறுமையாகக் கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று சொல் பிடிபடும். பெரிய கோயிலில் ராஜராஜன் சொன்னபடி வெட்டியது: 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்பது. தான் கொடுத்ததற்கு அடுத்ததாக அக்கா குந்தவை கொடுத்ததை வைக்கிறார் பாருங்கள்.

வயசான அம்மா அப்பாவும் சின்னக் குழந்தையும் வர்றாங்க. சமாளிக்க முடியுமா?

முடியும், காலை 6 முதல் 9:30, மாலை 4:30க்கு மேல் என்று வைத்துக்கொண்டால். மற்ற நேரத்தில் கல் தரை காலைப் பொசுக்கும். எல்லாரும் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் போட்டுக்கொள்ளுங்கள். தாராசுரம் பள்ளத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் நந்தி மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், பாசி வழுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை விஷயத்தில் கும்பகோணத்துக்கும் பழையாறைக்கும் நடுவில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

போட்டோ, ட்ரோன்?

கருவறையில் படம் கூடாது. வெளிப்பிராகாரத்தில் மொபைலில் எடுக்கலாம். முக்காலி வைத்து எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம்.

சாப்பாட்டுக்கு எங்க நிறுத்தலாம்?

காலை டிபனுக்குக் கும்பகோணம் கடப்பா எங்கே கிடைக்கும் என்று விடுதியில் கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்வது, இட்லிக்கு வைத்துச் சாப்பிடுவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. காபி நெடுஞ்சாலைப் பலகையைப் பார்த்துக் குடிக்காமல் ஊருக்குள் குடியுங்கள். திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பு அல்வா அது, சூடாக வாழையிலையில் வைத்துத் தருவார்கள். கங்கைகொண்டசோழபுரத்தில் கோயிலைச் சுற்றி முழுச் சாப்பாட்டுக்கு நம்பிக்கையாகச் சொல்ல என்னிடம் இடமில்லை. கும்பகோணத்திலேயே கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சை சாதமும் உருளை வறுவலும் இருந்தால் பொன்னேரிக் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. 'நீர்மயமான வெற்றித்தூண்' என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுவது இந்த ஏரியை. சாப்பிட்ட இலையையும் கவரையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.

ரோடு எப்படி? கிராமத்துக்குள்ள கார் போகுமா?

போகும். வாய்க்கால் கரைச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளத்தில் வயல். டவுன் பஸ்ஸோ டிராக்டரோ எதிரே வந்தால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். ஓரத்து மண் மழையில் இளகியிருக்கும், சக்கரத்தைத் தார் விட்டு இறக்காதீர்கள்.

தை, மாசியில் அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் வண்டியை ஏற்றக் கூடாது, அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம். வைக்கோலில் வேறு ஆபத்து. ஒரு மாசி மாதம் நாச்சியார்கோயிலுக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் வைக்கோல் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டினேன். கருகல் வாசனை வந்தது, வயல் கருகுகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். களத்தில் நின்ற ஒரு அம்மா கையைக் காட்டிக் கத்தினார். இறங்கிப் பார்த்தால் காருக்கு அடியில் சைலன்ஸரைச் சுற்றி வைக்கோல் இறுகிச் சுற்றிக்கொண்டு புகைகிறது. அவரே குடத்துத் தண்ணீரை ஊற்றினார், அவர் மகன் அரிவாளால் இழுத்து எடுத்தான். இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் கார் போயிருக்கும், பக்கத்து வைக்கோல் போரும் போயிருக்கும். அன்றிலிருந்து வைக்கோல் தாண்டியதும் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் பாருங்கள்.

பசங்க ஆத்துல இறங்கணும்னு அடம்பிடிக்கிறாங்க. குளிக்கலாமா?

படித்துறை உள்ள இடத்தில், ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், அவர்களிடம் கேட்டுவிட்டு. கொள்ளிடத்தில் வேண்டவே வேண்டாம். மேலே முழங்கால் ஆழம்போல் தெரியும், மணல் அள்ளிய குழி கீழே ஆள் ஆழத்துக்கு இருக்கும். கல்லணை, அணைக்கரை மதகுப் பக்கம் இறங்கவே கூடாது. தண்ணீரைத் திறந்துவிட்டால் நிமிஷத்தில் ஏறும். இந்த ஒரு பதிலை மட்டும் நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

பூம்புகார், தரங்கம்பாடியும் இதே ரெண்டு நாளுக்குள்ள சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. மூன்றாவது நாள் இருந்தால் தாராளமாக. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, அங்கிருந்து பூம்புகார், பல்லவனீச்சரம், பிறகு கடலோரமாகத் தெற்கே தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை அங்கே நிற்கிறது, 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோனது. மேலே நான்காவது இடிபாடு என்று சொன்னது இந்த நாளில்தான் பொருந்தும். இரண்டே நாள்தான், கடலும் வேண்டும் என்றால் கங்கைகொண்டசோழபுரத்தை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனசு வராது, ஆனால் கடலைப் பார்க்காத பிள்ளைகள் கூட இருந்தால் அதுவும் நியாயம்தான்.

சின்னக் கோயில் பூட்டிக் கிடந்தா என்ன பண்றது? புள்ளமங்கை அவ்வளவு முக்கியமா?

பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். குருக்களோ மெய்க்காவலரோ அந்தத் தெருவிலேயே இருப்பார், சாவியோடு வருவார். அவர் நாலைந்து கோயிலுக்குச் சைக்கிளில் போய் விளக்கேற்றுகிறவராக இருக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள். தட்டில் போடுவதோடு ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கோயிலுக்குச் சில நாள் விளக்கு எரியும். சிற்பத்தின் மேல் குங்குமம் அப்புவதும், கற்பூரத்தைக் கல்லிலேயே கொளுத்துவதும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறிய கல்லில் வேலைப்பாடு மங்கிவிடுகிறது.

புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயில் முற்காலச் சோழர் வேலை, 10ஆம் நூற்றாண்டு, பெரிய கோயிலுக்கு முந்தியது. விமானத்தைப் பார்த்து மலைக்க ஒன்றுமில்லை. சுவரின் அடிப்பகுதியில் ராமாயணக் காட்சிகள் உள்ளங்கை அளவில் வரிசையாக இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஆள்கள் ஓடுகிறார்கள், குனிகிறார்கள், கை ஓங்குகிறார்கள். சிறிய டார்ச் கொண்டுபோங்கள். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து முகமெல்லாம் தெளியும். போன தை மாதம் என் சித்தி பேத்தி, எட்டு வயது, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகக் கதை சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். அவள் ஒரு சுற்று முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்று தாராசுரத்துக்கு நாங்கள் 5:30க்குத்தான் போனோம்.